நீலச் சதுரம்

கொடைக்கானல் மலையில் பூம்பாறையிலிருந்து கூக்கால் ஏரிக்கரையைத் தொட்டுக்கொண்டு மன்னவனூர் வரை கைப்பேசித் திரையில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். செயலி ஒரு கணம் சுழன்றுவிட்டு 26 கிலோமீட்டர் என்றது, 540 மீட்டர் ஏற்றம் என்றது, பிறகு ஓரத்தில் சின்னதாக ஒரு நீலச் சதுரத்தை வைத்து அதற்குக் கீழே ‘மிதமானது’ என்று எழுதியது. மூன்று வாரமாகிறது. சைக்கிள் பயணத்துக்கான மற்ற வேலைகள் தம்பாட்டில் நடக்கின்றன. அந்த ஒரு சொல் மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய கொய்யா விதைபோல நாக்கைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கிறது. யாருக்கு மிதம்? ஐம்பத்து மூன்று வயதில், படியிறங்கும்போது மட்டும் இடது முழங்காலில் சத்தம் கேட்கிற எனக்கா, இல்லை அந்தச் செயலியை எழுதிய, நான் ஒருநாளும் பார்க்கப்போகாத, அநேகமாக முப்பது வயதைத் தாண்டாத ஒருவருக்கா? அகராதியைப் புரட்டினால் மித, மிதம், மிதவை, மிதி என்று கிட்டத்தட்ட ஒரே பக்கத்தில் கிடக்கின்றன. நீரில் மிதப்பதற்கும் நிலத்தில் மிதிப்பதற்கும் நடுவே மிதம் உட்கார்ந்திருக்கிறது. ஏரியும் சைக்கிளும் உள்ள பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பக்கம் இல்லை என்று முதலில் சிரித்துக்கொண்டேன். ஆனால் மிதம் அந்தக் குடும்பத்துப் பிள்ளை இல்லை, வடமொழியிலிருந்து வந்து குடியேறியது. அங்கே அதன் முதற்பொருள் அளக்கப்பட்டது என்பதுதான்; அளக்க முடியாதது அமிதம். ஆக, நீலச் சதுரம் என்னிடம் இந்தப் பாதை சுலபமும் இல்லை கஷ்டமும் இல்லை என்று சொல்லவில்லை. அளந்தாகிவிட்டது, நீ வரலாம் என்கிறது. என் உறுத்தல் அங்கேதான் ஆரம்பித்தது. அளந்தது யார், எப்போது, எங்கே நின்றுகொண்டு?

நீலச் சதுரத்தின் பூர்வீகம் பனிச்சறுக்கு மலைகள். வட அமெரிக்காவில் சறுக்குச் சரிவுகளுக்குப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று குறி வைத்திருந்ததை மலைச் சைக்கிள்காரர்களின் பன்னாட்டுச் சங்கம் அப்படியே எடுத்துத் தன் பாதைகளுக்குச் சூட்டியது. அவர்கள் வகுத்த இலக்கணத்தில் நீலச் சதுரம் என்றால் பாதை குறைந்தது 24 அங்குலம் அகலம் இருக்க வேண்டும்; சராசரிச் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; தவிர்க்க முடியாத தடை எதுவும் 8 அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது. இதைப் படித்த அன்று இரவு எழுந்து போய் எங்கள் வீட்டு வாசற்படியை டேப் வைத்து அளந்தேன். ஏழரை அங்குலம். நாற்பது வருடமாக மிதமான ஒன்றைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போய்வந்திருக்கிறேன் போலிருக்கிறது. அந்த இலக்கணம் மண்வெட்டியும் மட்டப்பலகையுமாகச் சைக்கிளுக்கென்றே வெட்டிய பாதைகளுக்கு எழுதப்பட்டது. அந்த இடத்தில் அது நேர்மையானது. வெட்டியவன் அளந்திருக்கிறான், அளந்ததைச் சொல்கிறான். பழநி மலையின் மேல்தட்டில் அப்படி யாரும் எதையும் வெட்டவில்லை. அங்கே இருப்பவை பூண்டு மூட்டை இறங்கிய தடம், மாடு போன தடம், பைன் நட்ட காலத்தில் லாரி போன தடம். தவிர்க்க முடியாத தடை என்று அந்த மலையில் நான் உண்மையாகப் பயப்படுவது காட்டுமாட்டுக்கு. திமில் வரைக்கும் கிட்டத்தட்ட என் உயரம் நிற்கும், ஒரு டன்னை ஒட்டிய எடை இருக்கும், பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் மூச்சுவிடும் சத்தம் மட்டும் வரும். அங்குலக் கணக்கில் அதை எந்தச் சதுரத்தில் அடைப்பது?

ஏற்றக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தோண்டியபோது உறுத்தல் வேறு பக்கம் திரும்பியது. என் செயலியின் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. எண்டெவர் விண்கலம் 60 மீட்டர் நீளமுள்ள கம்பத்தை விண்வெளியில் நீட்டிக்கொண்டு, பதினோரு நாள் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து, ரேடார் அலையை அனுப்பித் திரும்பி வாங்கி, உலகின் பெரும்பகுதி நிலத்துக்கு உயரம் எழுதியது. இன்றைக்கும் கைப்பேசியில் மேடுபள்ளம் காட்டுகிற எத்தனையோ வரைபடங்களுக்கு அடியில் கிடப்பது அந்தப் பதினோரு நாள்தான். பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அலைக்கு ஒரு பலவீனம் உண்டு: அடர்ந்த காட்டில் அது தரை வரைக்கும் போய்ச் சேராது. இலையிலும் கொப்பிலும் பட்டுத் திரும்பிவிடும். ஆகவே காடு இருக்கும் இடத்தில் தரை என்று நாம் வாசிப்பது பெரும்பாலும் மரத்தின் உச்சிக்கும் மண்ணுக்கும் இடையில் எங்கோ தொங்குகிற ஒரு மட்டம். புல்வெளியிலிருந்து பைன் தோப்புக்குள் நுழையும்போது வரைபடத்தில் ஒரு ஏற்றம் வரும்; வெளியே வந்ததும் ஓர் இறக்கம். தரை அப்படியே சமமாக இருந்திருக்கும். என் கோடு ஐந்து இடத்தில் காட்டுக்குள் புகுந்து வெளியேறுகிறது. இடத்துக்குப் பதினைந்து மீட்டர் என்று வைத்தால்கூட, 540-இல் எழுபது எண்பது மீட்டர் மலையின் ஏற்றம் இல்லை, மரத்தின் ஏற்றம். அதுவும் 2000 பிப்ரவரியில் அங்கே நின்றுகொண்டிருந்த மரங்களின் ஏற்றம். அதற்குப் பிறகு வெட்டப்பட்டவை, எரிந்தவை, காற்றில் சாய்ந்தவை எல்லாம் என் கைப்பேசியில் இன்னும் நிற்கின்றன. நான் இல்லாத மரங்களின் மேல் சைக்கிள் ஓட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்ததும் எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஒரு மாதிரிக் கிளர்ச்சிதான் வந்தது. படுக்கையில் கிடந்து கண்ணை மூடினால் பைன் நுனிகளின் மேல் சக்கரம் உருண்டது. ஏரிக் கதை இதற்கு நேர் எதிர். தண்ணீர் ரேடாருக்குச் சரியாகப் பதில் சொல்லாது. அலை கண்ணாடியில் பட்டதுபோல வேறு பக்கம் தெறித்துவிடும், வந்து சேருவது வெறும் இரைச்சல். ஆகவே பிற்பாடு உட்கார்ந்து பெரிய ஏரிகளை எல்லாம் ஒரே மட்டமாகத் தேய்த்துச் சமன் செய்தார்கள். காட்டுக்கு இல்லாத உயரம் கிடைத்தது, ஏரிக்கு இருந்த சலனமும் பறிபோனது. இரண்டுக்கும் நடுவே கரை என்று ஒன்று இருக்கிறதே, நான் உண்மையாகப் போக ஆசைப்படுவது அந்தக் கரையில்தான்: கால் அழுந்தினால் கறுப்பாகக் கசியும் மண், கோரை, ஆடு இறங்கிய சேறு, தண்ணீர் இந்த வாரம் இங்கே, அடுத்த மழைக்கு நாலு அடி மேலே. அந்தக் கரை வரைபடத்தில் கத்தியால் கீறிய ஒரு கோடு.

சரி, காடு காடாக இருந்ததா, ஏரி ஏரியாக இருந்ததா என்று இன்னொரு படி இறங்கினால் அதுவும் வழுக்குகிறது. கொடைக்கானலின் நட்சத்திர ஏரியை 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கரை போட்டு உண்டாக்கினார். பேரிஜம், மலைச் சதுப்புக்குக் குறுக்கே அணை கட்டி ஏரியானது. பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அது. தைல மரமும் வாட்டிலும் பைனும் வெளியூர்ச் சரக்கு. தோல் பதனிடும் பட்டைக்கும், செயற்கை நூல் ஆலைகளின் கூழுக்கும், விறகுக்குமாகப் புல்வெளிகளின் மேல் நடப்பட்டவை. புல் இருந்த இடத்தில் புல்லை வீண் நிலம் என்று எழுதிவைத்த ஒரு கணக்கு முன்பே இருந்தது. அதுவும் ஓர் அளவைதான். இப்போது அந்த மரங்களை அகற்றிவிட்டுப் புல்லையும் சோலையையும் மீட்க வேண்டும் என்ற பேச்சும் வேலையும் நடக்கின்றன. நடக்கட்டும், அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ‘காட்டுப் பாதையில் சைக்கிள்’ என்று நான் சொல்லும்போது மனசுக்குள் எழுகிற காடு பைன் காடுதான். சோலை அப்படி விடாது. சோலைக்குள் வேர் குறுக்கே கிடக்கும், கிளை முகத்தில் அடிக்கும், மழைக்குப் பிறகு அட்டை காலுறைக்குள் ஏறும். பத்தடி ஓட்டினால் பதினோராவது அடியில் இறங்கித் தள்ள வேண்டும். பைன் தோப்பில் கீழ்ச்செடி இல்லை, ஊசியிலை மெத்தை, நெடுக வரிசைத் தூண்கள், சினிமாவில் பார்த்த வெளிச்சம். நீலச் சதுரத்துக்கு ஏற்ற காடு அது. மிதமான காட்டை விரும்புகிறவன் தோட்டத்தைத்தான் விரும்புகிறான் என்பதை என்னிடமே சொல்லிக்கொள்ள மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அந்த ஊசியிலை மெத்தையும் யோக்கியம் இல்லை. ஈரத்தில் அது எண்ணெய் தடவிய தரை. போன முறை நடந்து போனபோதே ஒருதரம் உட்கார்ந்து எழுந்தேன்.

என் அப்பா தேனிக்கும் போடிக்கும் இடையில் சைக்கிள் மிதித்தவர். கேரியரில் சேலைக் கட்டு, தவணைக்குத் துணி. வாழ்நாளில் ஒருமுறைகூட எத்தனை கிலோமீட்டர் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆடி மாதத்தில் போடிக்குப் போவது ஒரு ஊருக்குப் போவது, தை மாதத்தில் போவது வேறு ஊருக்குப் போவது. மேற்கே மலை இடுக்கிலிருந்து இறங்கி வருகிற ஆடிக்காற்று சேலைக் கட்டைப் பாய்மரமாக்கி ஆளைப் பின்னுக்குத் தள்ளும். அதைக் ‘காத்து மேடு’ என்பார். இன்னைக்குக் காத்து மேடு ஜாஸ்தி, ராத்திரி வர லேட்டாகும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார். சாயங்காலம் அதே மேடு பள்ளமாகி அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போடும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நேரம் உண்டு, திசை உண்டு, சுமை உண்டு என்பது அவருடைய நிலவியல். என் கோட்டில் காற்று இல்லை. அவரை நினைத்துக்கொள்வதும் ஒருவகை சௌகரியம்தான் என்றும் தோன்றுகிறது. அப்பா மிதித்தது பிழைப்புக்கு. அதற்குச் சுலபம், மிதம், கடினம் என்று பிரிவு இல்லை, நிலுவை வசூலானதா இல்லையா என்ற ஒரே பிரிவுதான். நான் விடுமுறைக்கு மலையேற ஒரு அலுமினிய வண்டியை வைத்துக்கொண்டு அவருடைய வேர்வையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அவர் இருந்திருந்தால் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கேரியர் எங்கடா என்று கேட்டிருப்பார்.

கூட வருகிற நண்பன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். அவனிடம் எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் மலை நடைக்கு ஒரு விதி சொன்னார்: மணிக்கு மூன்று மைல், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். நண்பன் அதைச் சைக்கிளுக்கு ஏற்பத் தட்டிக்கொட்டி, டீ நேரம், படம் எடுக்கும் நேரம், எனக்காக மூச்சு வாங்கும் நேரம் எல்லாம் சேர்த்து, ஏரியை 11:40-க்கு அடைவோம் என்று முடிவு கட்டிவிட்டான். “பதினொன்னு நாப்பதா? அது என்னய்யா கணக்கு, ரயிலா வருது?” என்றேன். “ரயில் வராதுய்யா, நாம வருவோம்ல” என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அங்கே மதியத்துக்கு மேல் பனி மூடினால் கை நீட்டினால் கை தெரியாது. அவனுடைய செயலியில் இதே கோட்டை வரைந்தால் ஏற்றம் 710 மீட்டர் என்கிறது, என்னுடையது 540. கோடு ஒன்றுதான், இரண்டும் பொய் சொல்லவில்லை. ஒன்று நூறடிக்கு ஒருதரம் உயரத்தைக் கேட்கிறது, இன்னொன்று முப்பதடிக்கு ஒருதரம் கேட்கிறது. அடிக்கடி கேட்டால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கமெல்லாம் கணக்கில் ஏறிவிடும். எறும்பைக் கேட்டால் அதே பாதையில் இமயமலை இருக்கும். ஆகவே இந்தப் பாதையின் ஏற்றம் எவ்வளவு என்ற கேள்விக்கு எண்ணில் பதில் கிடையாது, எவ்வளவு பொடியாகக் கேட்கிறாய் என்ற எதிர்க்கேள்விதான் உண்டு. நண்பன் இதை ரசிக்கவில்லை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 625 என்று எழுதிக்கொண்டான்.

அளவையைக் கேலி செய்கிற இடத்தில் தயங்கவும் வேண்டியிருக்கிறது. குரங்கணி இதே மலைத்தொடர் பக்கம்தான். 2018 மார்ச் 11-ஆம் தேதி அங்கே புல்லில் பிடித்த தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள். அதற்குப் பிறகு விதிகள் வந்தன. 2024-இல் அரசே நாற்பது நடைபாதைகளைத் தேர்ந்து, எளிது, மிதம், கடினம் என்று வகை பிரித்து, வழிகாட்டியோடு அனுப்பத் தொடங்கியது. யாரோ ஒருவர் உட்கார்ந்து மிதம் என்று ஒரு பாதைக்கு எழுதுகிறார் என்றால் அதற்குப் பின்னால் அந்தச் சாம்பல் இருக்கிறது. நாங்களும் பேரிஜத்தை விட்டதற்கு அதுதான் காரணம்; வனத்துறை அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் உள்ள இடத்தில் சைக்கிளோடு போய்க் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம், ஊர்ச் சாலையும் ஊரார் தடமுமாகப் போகலாம், காப்புக்காட்டு எல்லை வந்தால் கேட்டுவிட்டு உள்ளே போவோம், விடவில்லை என்றால் திரும்புவோம் என்று முடிவு செய்தோம். தை மாதத்தைத் தேர்ந்ததும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை, மாசிக்கு மேல் புல் காய்ந்து தீக்காலம். நடுவில் உறைபனி விழுகிற சில வாரங்கள். பார்த்தால் மாதத்திலும் மிதமானதைத்தான் பொறுக்கியிருக்கிறேன். எனக்கு வேண்டியது என்ன? பயம் கொஞ்சம் வேண்டும், காயம் வேண்டாம். தொலைந்துபோன உணர்வு வேண்டும், ஆனால் கைப்பேசியில் சிக்னல் இரண்டு கோடாவது நிற்க வேண்டும். திரும்பி வந்து சொல்ல ஒரு கதை வேண்டும், அந்தக் கதையில் நான் உயிரோடு இருக்க வேண்டும். இப்படி எழுதிப் பார்க்கையில் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த வெட்கமும் அளவோடுதான் வருகிறது, பயணத்தை ரத்து செய்கிற அளவுக்கு வரவில்லை.

போன மாதம் பாதை பார்க்கத் தனியாகப் பூம்பாறைக்குப் போயிருந்தேன். படிப்படியாக வெட்டிய வயல்கள், பூண்டு வாசனை ஊருக்குள் நுழையும் முன்பே வந்துவிடுகிறது. டீக்கடையில், காதுவரை மப்ளர் சுற்றிய ஒரு பெரியவர். கூக்காலுக்கு உள்வழி எப்படி என்று கேட்டேன். “கூக்காலா தம்பி? இந்தா, எறங்கி ஏறுனா வந்துரும்” என்றார். எவ்வளவு இறங்கி எவ்வளவு ஏற வேண்டும்? “எறங்குன அம்புட்டும் ஏறணும்ல.” இதைவிடக் கறாரான நில அளவையை எந்த விண்கலமும் தராது என்று நினைத்துக்கொண்டேன். ஏற்றம் ரொம்பச் செங்குத்தா இருக்குமா என்று விடாமல் கேட்டேன். அவர் என் முழங்காலைப் பார்த்தார், சத்தியமாக முகத்தைப் பார்க்கவில்லை. “குதிரை நிக்கிற எடத்துல நின்னுக்கங்க” என்றார். மூட்டை சுமக்கிற மட்டக்குதிரைகளுக்கு ஏற்றத்தில் வழக்கமாக நிற்கிற இடங்கள் உண்டாம். ஓட்டுபவன் சொல்லி நிற்பதில்லை, அதுவாக நிற்கும், மூச்சு அடங்கியதும் அதுவாகக் கிளம்பும். சாணம் கிடக்கும், மண் குழிந்திருக்கும், பார்த்தாலே தெரியும் என்றார். அன்று அந்தத் தடத்தில் கொஞ்ச தூரம் இறங்கி ஏறினேன். முதல் இடத்தை எளிதாகக் கண்டுபிடித்தேன்: வளைவு முடிந்து நாலடி சமதரை, கட்டை விரல் ஆழத்துக்குக் குளம்பு மிதித்த குழி, காய்ந்த சாணம். நின்றேன். மூச்சு சரியாக அந்த இடத்தில் முட்டியிருந்தது. இரண்டாவது இடம் வருவதற்கு வெகு முன்பே எனக்கு முட்டிவிட்டது; குதிரை அங்கே நிற்காது, நான் நின்றேன். அந்த வித்தியாசத்தைக் குறிக்க என் செயலியில் ஒரு குறி இருந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. பிறகு யோசித்தால், மூட்டையோடு ஏறுகிற குதிரைக்கு அது மிதம்தானா என்பதை யாரும் அதனிடம் கேட்டிருக்கவும் முடியாது.

நேற்று சைக்கிளை ஓவராயிலிங்குக்கு விட்டேன். எங்கள் தெருமுனைக் கடை. அலுமினிய வண்டி, டிஸ்க் பிரேக் எல்லாம் அந்தத் தம்பிக்குப் புதிதல்ல, ஆனால் எதையும் பழைய வண்டி மாதிரியே நடத்துவான். சக்கரத்தைச் சுழலவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிக் கோட்டம் பார்த்தான், இரண்டு ஸ்போக்கை அரைத் திருகு திருகினான். பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசிப் புது கிரீஸ் அடைத்தான். அந்த வாசனை ஒரு நொடி தேனியில் எங்கள் பழைய வாசலைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனது. “மலைக்கா சார்? மண் ரோடா, தார் ரோடா?” என்றான். ரெண்டும் என்றேன். சட்டைப் பையில் நண்பனின் அட்டவணை இருந்தது. அதில் காற்று எவ்வளவு என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு, நான் எடுக்கவில்லை. கடைத் தம்பி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பம்பை வைத்து அடித்தான், கட்டை விரலால் டயரை அழுத்தினான், வால்வை நகத்தால் தட்டி ஸ்ஸ் என்று கொஞ்சம் விட்டான், மறுபடி அழுத்தினான். முன்சக்கரம் முடிந்து பின்சக்கரம். அங்கேயும் அதே விரல். “போதும் சார்.”

வீட்டுக்கு வந்து, இருப்புக் கொள்ளாமல், காற்றழுத்தமானியை வைத்துப் பார்த்தேன். முன்னால் 24, பின்னால் 29. உட்கார்ந்தால் எடை பின்சக்கரத்தில்தான் அதிகம் விழும் என்று தெரிந்து ஐந்து கூட்டி வைத்தானா, இல்லை அப்படியே வந்ததா என்று தெரியவில்லை. திரும்பிப் போய்க் கேட்கலாம் என்று செருப்பை மாட்டினேன். கடை அடைத்திருந்தது. அட்டவணையை எடுத்து, நண்பன் 32 என்று எழுதியிருந்த கட்டத்தில் அதை அடித்துவிட்டு இரண்டு எண்களையும் எழுதிவைத்தேன்.